இன்னொரு பெட்டி

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் தேதி. கேரள மாநிலம், வயநாடு மாவட்டம். பொழுது விடியும் முன்பே மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களில் வீடுகள் மண்ணோடு போயின. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் உடுத்திய துணியோடு முகாமுக்கு வந்தார்கள்.

வீடு போனது. வீட்டில் இருந்த காகிதங்களும் போயின. ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், வங்கிப் பாஸ் புத்தகம் எதுவும் மிஞ்சவில்லை. உதவி பெற அந்தக் காகிதங்கள் வேண்டும். அரசு தனி முகாம்கள் நடத்தியது. இழந்த ஆவணங்களை மறுபடியும் எடுத்துக் கொடுத்தது.

எப்படிக் கொடுக்க முடிந்தது? அந்த விவரங்கள் அரசு அலுவலகக் கணினிகளில் இருந்தன. வீட்டுப் பெட்டி போனாலும் இன்னொரு பெட்டி வேறு இடத்தில் இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் அப்படித் திரும்பப் பெற முடியாது. கல்யாணப் படம் எந்த அலுவலகத்திலும் இல்லை. கைக்கடன் கணக்கு எழுதிய நோட்டும் இல்லை. அவற்றுக்கு ஒரே பிரதிதான். அது போனால் போனதுதான்.

போனும் ஒரு பெட்டி

முன்பு முக்கியமான பொருள்களைத் தகரப் பெட்டியில் வைப்பார்கள். இன்று பலருக்குப் போன்தான் பெட்டி. பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் படமாக அதில் இருக்கிறது. பணம் கட்டிய ரசீது இருக்கிறது. இறந்துபோன தாயின் முகமும் குரலும் இருக்கின்றன.

இந்தப் பெட்டியை இழக்க மலை சரிய வேண்டியதில்லை. பேருந்தில் திருடு போகலாம். தண்ணீரில் விழலாம். குழந்தை கீழே போட்டு உடைக்கலாம். ஒரு நாள் தானாகவே நின்றும் போகலாம்.

உழவர்கள் விதை நெல்லை எப்படிக் காப்பார்கள்? எல்லாவற்றையும் ஒரே குதிரில் போடமாட்டார்கள். போனில் உள்ளவற்றுக்கும் அதே வழிதான். ஒரு பிரதி போனில் இருக்கட்டும். இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். இந்த இரண்டாவது பிரதிக்குக் காப்புப் பிரதி என்று பெயர். பேக்கப் என்றும் சொல்வார்கள்.

கிளவுட் என்றால் என்ன?

கிளவுட் என்றால் மேகம். ஆனால் படங்கள் மேகத்தில் இருப்பதில்லை. பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. போனிலிருந்து இணையம் வழியாக அனுப்பும் படமும் காகிதமும் அங்கே சேர்த்து வைக்கப்படுகின்றன. போன் தொலைந்தால் புதுப் போனில் அதே கணக்கைத் திறக்கலாம். பொருள்கள் திரும்பக் கிடைக்கும்.

கிளவுட் என்பது வாடகைக்கு எடுத்த அறை போன்றது. அறைக்கு மூன்று செய்திகள் முக்கியம். எவ்வளவு இடம்? என்ன வாடகை? சாவி யாரிடம்?

முதல் வகை: அரசு கொடுத்த காகிதங்கள்

அரசு கொடுத்த காகிதங்களுக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2015ஆம் ஆண்டு டிஜிலாக்கர் என்ற சேவையைத் தொடங்கியது. இது இலவசம். செல்போன் எண்ணும் ஆதார் எண்ணும் கொண்டு கணக்குத் தொடங்கலாம்.

டிஜிலாக்கரில் இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

முதல் பகுதியில், காகிதத்தைக் கொடுத்த துறையே அதை நேராக அனுப்புகிறது. ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., பல தேர்வு வாரியங்களின் மதிப்பெண் பட்டியல் ஆகியவை இப்படிக் கிடைக்கின்றன. இவை அசலுக்குச் சமம் என்று 2017ஆம் ஆண்டு விதி வந்தது. சாலையில் ஓட்டுநர் உரிமம் கேட்டால் டிஜிலாக்கரில் உள்ளதைக் காட்டலாம். மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2018ஆம் ஆண்டில் இதை மாநிலங்களுக்குத் தெரிவித்தது.

இரண்டாம் பகுதியில் மக்கள் தாங்களே படம் எடுத்து ஏற்றலாம். அதற்கு 1 ஜி.பி. இடம் உண்டு. ஆனால் இது வெறும் பிரதிதான். அசலுக்குச் சமம் ஆகாது.

டிஜிலாக்கர் பெயரில் போலிச் செயலிகளும் வரலாம். தெரியாத ஆள் அனுப்பிய இணைப்பைத் தொட்டு இறக்கக் கூடாது. அரசு இணைய முகவரி ஜி-ஓ-வி, புள்ளி, ஐ-என் என்று முடியும். அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகை: வீட்டாரிடம் மட்டும் இருப்பவை

குடும்பப் படம், வீடியோ, குரல் பதிவு, கடைக் கணக்கு, வாடகைச் சீட்டு, மருத்துவரின் சீட்டு ஆகியவை இரண்டாம் வகை. இவற்றை வைக்கத் தனியார் நிறுவனங்கள் இடம் தருகின்றன.

ஆண்டிராய்டு போன் வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் கூகுள் கணக்கு இருக்கும். அதில் 15 ஜி.பி. இடம் இலவசம். ஆப்பிள் போனுக்கு ஐகிளவுட் என்ற சேவை உண்டு. அதில் 5 ஜி.பி. இலவசம். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் சேவையிலும் 5 ஜி.பி. இலவசம்.

15 ஜி.பி. என்றால் எவ்வளவு? இடத்துக்கு எம்.பி., ஜி.பி. என்று அளவு சொல்வார்கள். சுமார் ஆயிரம் எம்.பி. சேர்ந்தால் ஒரு ஜி.பி. ஒரு படம் 3 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், 15 ஜி.பி.யில் சுமார் 5,000 படங்கள் வைக்கலாம். வீடியோ அதிக இடம் பிடிக்கும். தெளிவான ஒரு நிமிட வீடியோ 100 எம்.பி.க்கு மேல்கூடப் போகும். ஒரு நிமிட வீடியோ முப்பது படங்களின் இடத்தைத் தின்றுவிடும்.

கூகுளின் 15 ஜி.பி. ஒரே பொது இடம். மின்னஞ்சல், படம், ஆவணம் எல்லாம் அதில்தான் சேரும். ஆண்டிராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் சேரும்.

இடம் நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தால் உடனே பணம் கட்ட வேண்டியதில்லை. முதலில் பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். காலை வணக்கப் படங்கள், ஒரே படத்தின் பல பிரதிகள், எவரோ அனுப்பிய சிரிப்பு வீடியோக்கள் ஆகியவற்றை நீக்கினாலே பலருக்குப் போதும்.

அதன் பிறகும் இடம் போதாவிட்டால் வாடகைக்கு எடுக்கலாம். 2024ஆம் ஆண்டில் கூகுள் 100 ஜி.பி. இடத்துக்கு மாதம் 130 ரூபாய் வாங்கியது. ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 1,300 ரூபாய். விலை மாறும். கட்டும் நாளில் திரையில் உள்ள தொகையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சில மாதம் இலவசம் என்றும் சொல்வார்கள். அப்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இலவசம் எந்தத் தேதியில் முடிகிறது? பிறகு எவ்வளவு பணம் பிடிப்பார்கள்? பணம் தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு ஆட்டோபே என்று பெயர். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தியைப் படிக்க வேண்டும். வேண்டாம் என்றால் பணம் செலுத்தும் செயலியில் ஆட்டோபேயை நிறுத்தலாம்.

சாவி யாரிடம்?

மாலை வகுப்பில் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தது. தையல் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்தார். சென்ற ஆண்டு அவருடைய போன் கிணற்றில் விழுந்துவிட்டது. மகள் முதல் நாள் பள்ளிக்குப் போன படம் அதோடு போயிற்று. இப்போது புதுப் போன் வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களின் அளவுக் குறிப்பை எல்லாம் அதில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

"இந்தப் போனில் பேக்கப் இருக்கிறது, டீச்சர். கடைத் தம்பியே எல்லாம் போட்டுக் கொடுத்தான்" என்றார்.

"நல்லது அக்கா. கணக்கு யார் பெயரில் இருக்கிறது?" என்று ஆசிரியை கேட்டார்.

"என் பெயரில்தான்."

"கடவுச்சொல் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?"

"அது அந்தத் தம்பிக்குத்தான் தெரியும். அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே!"

"அப்படியானால் வீடு உங்களுடையது. சாவி அவரிடம்."

"அவன் நல்ல பையன், டீச்சர். எதையும் எடுக்கமாட்டான்."

"நல்லவராகவே இருக்கட்டும், அக்கா. நாளைக்குக் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டால்? மறுபடியும் போன் தொலைந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?"

அந்தப் பெண் பேசாமல் உட்கார்ந்தார்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். கடை இளைஞர் மறைக்காமல் சொன்னார். "எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே கடவுச்சொல்தான் வைப்பேன், அக்கா. இல்லாவிட்டால் எனக்கு நினைவில் நிற்காது."

அவர் கெட்டவர் அல்ல. ஆனால் பாருங்கள். ஒரே சாவி பல வீட்டுக் கதவுகளைத் திறக்கும்! அவரிடம் கணக்குப் போட்டவர்களில் ஒருவருக்குத் தம் கடவுச்சொல் தெரிந்தாலும் மற்றவர்களின் சாவியும் தெரிந்துவிடும்.

அன்று மாலை அந்தப் பெண் தாமே கடவுச்சொல்லை மாற்றினார். எழுத்து எழுத்தாகத் தட்டினார். நேரம் ஆயிற்று. ஒரு முறை தவறியது. மறுபடியும் தட்டினார். ஆசிரியை பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன் டீச்சர் அங்கே பார்க்கிறீர்கள்? சரியா என்று பாருங்கள்."

"கூடாது அக்கா. அது எனக்கும் தெரியக் கூடாது."

நல்ல சாவிக்கு ஐந்து விதிகள்

ஒன்று. கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும். 12 எழுத்துக்கு மேல் இருந்தால் நல்லது. பெயர், பிறந்த தேதி, போன் எண் ஆகியவை வேண்டாம். தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து வைக்கலாம். நினைவில் நிற்கும். பிறரால் ஊகிக்க முடியாது.

இரண்டு. அதை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைக்கலாம். போனில் படம் பிடித்து வைக்கக் கூடாது. போன் தொலைந்தால் சாவியும் தொலையும்.

மூன்று. இரண்டு பூட்டுப் போட வேண்டும். கூகுள் கணக்கில் இரு படிச் சரிபார்ப்பு என்ற வசதி உண்டு. புது இடத்தில் கணக்கைத் திறந்தால் கடவுச்சொல் மட்டும் போதாது. உரியவரின் போனுக்கும் கேள்வி வரும். அந்த ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லக் கூடாது. வங்கியிலிருந்து, நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் சொல்லக் கூடாது.

நான்கு. கணக்கில் கொடுத்த போன் எண் சொந்த எண்ணாக இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்படும். 90 நாள் கழித்து அது வேறு ஒருவருக்குப் போகலாம். பிறகு ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். எண் மாறினால் கணக்கிலும் ஆதாரிலும் புது எண்ணைப் பதிய வேண்டும்.

ஐந்து. கணக்கு எந்தெந்தப் போன்களில் திறந்திருக்கிறது என்று பார்க்கலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் அந்தப் பட்டியல் இருக்கும். தெரியாத போன் இருந்தால் அதை வெளியேற்ற வேண்டும்.

வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனிப் பூட்டும் போடலாம். 2021ஆம் ஆண்டு இந்த வசதி வந்தது. இந்தப் பூட்டைப் போட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. பாதுகாப்பு அதிகம். ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனமும் உதவ முடியாது. எழுதி வைக்கும் பழக்கம் வந்த பிறகே இந்தப் பூட்டைப் போட வேண்டும்.

கவனம்! பேக்கப்பும் அழியும்

பலர் ஒரு தவறு செய்கிறார்கள். படங்கள் கிளவுடில் இருக்கின்றன என்று நினைத்து, கூகுள் போட்டோஸ் செயலியில் படங்களை நீக்குகிறார்கள். அங்கே நீக்கினால் கிளவுடிலும் நீங்கிவிடும். பேக்கப் ஆன படம் குப்பைப் பகுதியில் 60 நாள் இருக்கும். அதற்குள் மீட்கலாம். பிறகு மீட்க முடியாது.

போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமானால் அதே செயலியில் இடத்தைக் காலி செய்யும் பொத்தான் தனியாக உண்டு. அதைத்தான் தொட வேண்டும்.

கணக்கை இரண்டு ஆண்டு திறக்காமலே விட்டால் கூகுள் அதை நீக்கக்கூடும். 2023ஆம் ஆண்டில் இந்த விதி வந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டைப் போய்ப் பார்ப்பது போல, பழைய கணக்கையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

ஆகவே மிக முக்கியமானவற்றுக்கு மூன்றாவது பிரதியும் வேண்டும். ஒரு பென் டிரைவில் அவற்றை ஏற்றி, நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைக்கலாம். கல்யாணப் படம் போன்ற சிலவற்றைக் காகிதத்தில் அச்சிட்டும் வைக்கலாம். மூன்று பிரதி, இரண்டு விதமான பெட்டி, ஒன்று வெளி இடத்தில். கணினி வேலை செய்பவர்களும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள்.

சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இதை நடத்துவது யார்? பெயர் தெரிந்த நிறுவனமா?
2. இலவச இடம் எவ்வளவு? அதுவே போதுமா?
3. பணம் மாதத்துக்கா, ஆண்டுக்கா? தானாகப் பிடிப்பார்களா?
4. பணம் கட்டுவதை நிறுத்தினால் படங்கள் என்ன ஆகும்?
5. இரண்டாவது பூட்டு வசதி உண்டா?
6. வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?

அளவில்லாத இடம், என்றைக்கும் இலவசம் என்று தெரியாத இடத்திலிருந்து செய்தி வந்தால் நம்பக் கூடாது. ஏமாந்து பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இது இந்தியா முழுவதற்கும் உரிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நினைவில் கொள்க

ஒரே பிரதி என்றால் அதற்குக் காவல் இல்லை.

அரசு கொடுத்த காகிதத்துக்கு டிஜிலாக்கர் போதும். செலவு இல்லை.

படத்துக்கு முதலில் இலவச இடம். பிறகு சுத்தம் செய்தல். கடைசியில்தான் வாடகை.

எந்தச் சேவையாக இருந்தாலும் சாவி உரியவரிடமே இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சாவியைப் பிறரிடம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

பயிற்சி

1. உங்கள் போனில் உள்ளவற்றை இரண்டு பட்டியலாக எழுதுங்கள். ஒன்று, அலுவலகத்தில் பிரதி உள்ளவை. மற்றொன்று, உங்களிடம் மட்டும் உள்ளவை.

2. மாதம் 130 ரூபாய் வீதம் 12 மாதத்துக்கு எவ்வளவு? ஆண்டுக்கு ஒரே தடவையாக 1,300 ரூபாய் கட்டினால் எவ்வளவு மிச்சம்?

3. ஒரு படம் 3 எம்.பி. என்றால், 300 படங்களுக்கு எத்தனை எம்.பி. வேண்டும்? அவை 1 ஜி.பி. இடத்தில் அடங்குமா?

4. ஆசிரியை ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்? குழுவாகப் பேசுங்கள்.

5. உங்கள் கணக்கின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே மாற்றுங்கள். மாற்றிய நாளை மட்டும் இங்கே எழுதுங்கள். கடவுச்சொல்லை இங்கே எழுத வேண்டாம்.